டிரைவர் அண்ணனின் கூச்சம்

என் கல்யாணப் பந்தியில் சோறே விழாத இலையை மடித்து வைத்துவிட்டு, “சாப்பாடு பிரமாதம்” என்று சொல்லிப் போன மனிதர் ஒருவர் உண்டு. மலாயா ரப்பர் தோட்டத்தில் எங்களுக்குப் பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன். சோறு போட்டுக்கொண்டு வந்த பையனை யாரோ நடுவில் கூப்பிட்டார்கள். போய்விட்டுத் திரும்பி வந்தவன் அண்ணனை விட்டுவிட்டு அடுத்த இலையிலிருந்து ஆரம்பித்தான். இவர் இலையில் உப்பும் ஊறுகாயும் ஓர் அப்பளமும்தான் கிடந்தன. சாம்பார் வாளிக்காரன் வந்து பார்த்தான். மனுஷன் அதற்குள் முடித்துவிட்டார் போலிருக்கிறது என்று தாண்டிப் போனான். இவர் அப்பளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து, பந்தி எழும்வரை நேரத்தை ஓட்டிவிட்டு எழுந்தார்.

கை கழுவும் இடத்தில், அவரை மாப்பிள்ளை முறை சொல்லிக் கூப்பிடுகிற என் மாமியார், “நல்லா சாப்ட்டீங்களா மாப்ள?” என்று கேட்டார்.

“பிரமாதம் அத்தை. ரசம் அருமை.”

ரசத்தை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழையது இருக்கிறதா என்று பானையைத் தடவியிருக்கிறார். அவருடைய மனைவி மறுநாள் குழாயடியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் புதுப்பெண், இருந்தாலும் மனசு கேட்காமல் அவரிடமே போனேன். “ஒரு வார்த்தை சோறுன்னு கேட்டிருக்கக் கூடாதாண்ணே?” என்றேன்.

“கேட்டா அந்தப் பையன் பதறிப்போவான். நாலு பேரு அவனைத் திட்டுவாங்க. ஒரு வேளை சோத்துக்கு எதுக்குத் தங்கச்சி இத்தனை பேருக்குச் சங்கடம்?”

கேட்பது என்பது அவருக்கு அப்படி ஒரு காரியம். ஒருத்தரிடம் போய்க் கை நீட்டுவது, அந்த ஆளின் கழுத்தைப் பிடிப்பது மாதிரி. “நம்ம கேட்டுட்டா, இல்லைன்னு சொல்லணும்னாலும் அவங்களுக்கு வாய் வராது பாருங்க” என்பார். பக்கத்து டவுன் தம்பினுக்குப் போக வேண்டும் என்றால் மாட்டு வண்டி பின்னால் வந்தாலும் ஓரமாக ஒதுங்கி, செடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வண்டிக்காரன் கூப்பிட்டால் ஏறுவார். கூப்பிடாவிட்டால் நடப்பார். கார் ஓட்டுகிற ஆள், காலால் நடந்து தேய்ந்தார்.

என் மாமியாரோ நேர் எதிர். “வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்பதை அவர் பழமொழியாகச் சொல்லமாட்டார், கட்டளையாகச் சொல்வார். “கேட்டா என்னாடி? இல்லைன்னு சொல்லுவான். அடிக்கவா போறான்?” என்று கங்காணியிடம் விறகு கேட்பார், ஆபீஸ் கிராணியிடம் பழைய சட்டை கேட்பார், சீனன் கடையில் வாங்கின கருவாட்டுக்கு மேல் ஒன்று கேட்பார். பாதி நாள் கிடைக்கவும் கிடைக்கும். இப்படி இரண்டு பேர், தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒரே லயத்தில், ஒரு பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தார்கள்.

டிரைவர் அண்ணன் ஓட்டியது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காரை. துரையிடம் இரண்டு கார்கள். ஒன்று பெரியது, அவர் மனைவி மேமுக்கானது. இன்னொன்று தாழ்வாக, துணிக்கூரை போட்டு, இரண்டே பேர் உட்காரும்படியான பந்தயக் கார் மாதிரி. மலாக்காப் பக்கத்தில் வேறொரு துரை ஓட்டித் தேய்த்ததை இவர் ஆசைப்பட்டு வாங்கிவந்தார். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் கொஞ்சம் ஏற்றம் கண்டால் மூச்சு வாங்கி ஆவி கக்கும். லயத்தில் அதற்குத் தாகக்காரி என்று பேர் வைத்திருந்தார்கள்.

காருக்கு முன்னால் சல்லடை மாதிரி பித்தளையில் ஒன்று இருக்கும், ரேடியேட்டர் என்பது. அது என்னத்துக்கு என்று ஒரு நாள் கேட்டேன்.

“டீ ஆத்துற மாதிரிதான் தங்கச்சி. இஞ்சினைச் சுத்தி வந்த தண்ணி சுடச்சுட இதுக்குள்ள எறங்கும். காத்துல ஆறும். ஆறின தண்ணி திரும்ப இஞ்சினுக்குப் போவும். இந்தக் குவளைக்கும் அந்தக் குவளைக்கும் ஆத்திக்கிட்டே இருக்கணும். நின்னுச்சு, இஞ்சின் வெந்துரும்.”

அந்தக் காருக்கு ஆற்றுத் தண்ணீர் ஊற்றமாட்டார். அதில் ஈயம் தோண்டுகிற லம்பத்து மண் கலந்திருக்கும், உள்ளே படியும் என்று மழைத் தண்ணீர்தான் பிடித்து வைப்பார். ஓடி வந்த காரின் மூடியை உடனே திறக்கமாட்டார். சாக்கை நனைத்து மேலே போட்டு, பக்கத்தில் குந்தி, வெற்றிலை ஒன்றை முழுதாக மென்று முடித்த பிறகுதான் கை வைப்பார். மழை விட்ட சாயங்காலங்களில் ஈசல் வந்து அந்தச் சல்லடையில் அப்பிக்கொள்ளும். காற்று போகாது. அதைக் கோழியிறகால் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவார். எங்கள் வீட்டில் கோழி இருந்தது. இறகுக்கு என்ன பஞ்சம்? ஆனாலும் கேட்கமாட்டார். கீழே உதிர்ந்து கிடக்கிறதா என்று வேலியோரம் பார்த்துக்கொண்டே நடப்பார்.

ரேடியேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் மேலே ஒன்று கீழே ஒன்றாக ரப்பர் குழாய்கள். இரண்டும் வெடித்துப் போயிருந்தன. துரை சிரம்பான் டவுனுக்குப் போகும்போதெல்லாம், “காருக்கு எதுவும் வேணுமா?” என்று கேட்பாராம். இவர், “எல்லாம் நல்லாருக்கு துரை” என்பாராம். சொல்லிவிட்டு வந்து குழாய்க்குத் துணி சுற்றுவார்.

அவர் மனைவி ஒரு நாள் தாங்க முடியாமல் கத்தினார். “ரப்பர் தோட்டத்துல இருந்துக்கிட்டு ஒரு முழம் ரப்பர் குழாய் கேக்க வாயில்ல. அவரு குடுக்கறேன்னு கேக்கறாரு, வேணாங்கறீங்களே!”

“போன மாசந்தான் டயர் வாங்கிக் குடுத்தாரு. அடுத்த மாசம் சொல்லிக்கலாம்.”

அடுத்த மாசம் சொல்லத் துரை இல்லை. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் பெரிய காரில் மேமையும் நாயையும் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டார். தாகக்காரி மட்டும் கொட்டகையில் நின்றது, வெடித்த குழாய்களோடு.

பல தோட்டங்களுக்கு மேலாளாக ஒரு ஜப்பான்காரன் வந்து பங்களாவில் உட்கார்ந்தான். பேர் எங்களுக்குத் தெரியாது. மாஸ்டர் என்போம். கொட்டகையைத் திறந்து அந்தக் காரைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினானாம். அன்றிலிருந்து எங்கே போனாலும் அதில்தான். டிரைவர் அண்ணன் ஓட்ட, அவன் பக்கத்தில் வாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கோலாலம்பூருக்குப் போகும் வழியில் மந்தின் மலை ஏற்றம் இருக்கிறதே, வளைந்து வளைந்து, அதில் பாதியில் கார் கொதித்து நின்றுவிட்டது. மாஸ்டர் இறங்கினான். “பாகேரோ!” என்று ஜப்பான் பேச்சில் திட்டி ஒரு அறை. பிறகு ஆவி அடங்கும்வரை ரேடியேட்டருக்கு முன்னால் ரோட்டில் முட்டி போட வைத்தான். போகிற வருகிற வண்டியெல்லாம் பார்த்துக்கொண்டு போனது. ஏறி உட்கார்ந்ததும் மலாய்ப் பேச்சில் ஒன்றே ஒன்று சொன்னான்: இன்னொரு தடவை கார் கொதித்தால் நீ சயாம்.

சயாம் என்றால் என்ன என்று அதற்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது. சயாம் நாட்டுக் காட்டில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள், மூன்று மாசத்தில் திரும்பலாம் என்றுதான் முதல் கூட்டத்தைத் தம்பின் ஸ்டேஷனில் ஏற்றினார்கள். மாசங்கள் போயின. ஆள் வரவில்லை. காட்டைப் பற்றியும் காய்ச்சலைப் பற்றியும் செய்திதான் வந்தது.

டிரைவர் அண்ணன் முதலில் குழாயைச் சரி செய்தார். துரை விட்டுப்போன காக்கிக் கால்சட்டை ஒன்றை நீளவாக்கில் கிழித்து, மூங்கில் மேல் சுற்றி, பால்மரத்து ரப்பர் பாலைத் தடவித் தடவி, ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்தில் தொங்கவிட்டார். காய்ந்ததும் மூங்கிலை உருவினார், குழாய். “துரையோட காலு இப்பதான் காருக்கு ஒழைக்குது” என்று கங்காணி சிரித்தார். சூடு பட்டால் சில வாரத்தில் குழைந்துபோகும். மறுபடி சுற்றுவார்.

அடுத்தது, பழைய சொந்தக்காரன் காலத்திலிருந்தே உள்ளே படிந்த படிவம். வெந்நீர்க் கெட்டிலின் அடியில் பிடிக்குமே, அந்த மாதிரி. அதற்கு என்ன செய்வது என்று யாரிடமும் கேட்காமல், குழாயடியில் தண்ணீர்ப் பானை நிரம்பக் காத்திருப்பவர் மாதிரி நின்றுகொண்டு, யாரிடமோ சொல்வதுபோல், “பித்தளைக்குள்ள கறை புடிச்சா என்னா பண்றதுன்னே தெரியல” என்றார்.

“குத்துவெளக்குக்கு என்னா பண்றோம்? புளிதான்” என்றாள் ஒருத்தி.

“புளிக்கு எங்க போறது? கப்பலே இல்ல.”

“பிளிம்பிங் இருக்குல்லா? அதத்தான் கொழம்புக்கும் போடறோம், வெளக்குக்கும் தேய்க்கறோம். காரு மட்டும் என்ன ஒசத்தியா?”

பிளிம்பிங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் அந்தப் புளிக்காயை நாங்களே கூடையில் பறித்து, இடித்து, சாறு பிழிந்து கொடுத்தோம். அவர் ரேடியேட்டரில் ஊற்றி ஊற வைத்தார். திறந்துவிட்டபோது செம்மண் குழம்பாக வந்தது. பெண்கள் எல்லாரும் கைதட்டினோம். விளக்குத் துலக்கின கைகளுக்கு அப்படி ஒரு பெருமை. அன்றைக்குக் கார் மலையேறி இறங்கியும் ஆவி வரவில்லை.

மறுநாள் காலையில் கொட்டகைத் தரையில் புள்ளி புள்ளியாக ஈரம். பழைய பித்தளையில் எத்தனையோ ஓட்டைகள் இருந்திருக்கின்றன. இத்தனை நாள் அவற்றை அடைத்துக்கொண்டிருந்தது அந்தப் படிவம்தான். நாங்கள் அதைத் துலக்கிவிட்டோம். லம்பங்களையும் மூடிவிட்டார்கள், பற்றவைக்க ஈயம் கிடைக்காத காலம்.

“அழுக்குதான் தங்கச்சி அதைக் காப்பாத்தியிருக்கு” என்றார். எங்களை ஒரு குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அந்த ஓட்டைகளுக்கு அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது: கோழிமுட்டை. இஞ்சின் ஓடும்போது கொதிக்கிற தண்ணீரில் வெள்ளைக் கருவை ஊற்றினால், அது ஓட்டையில் போய் வெந்து அடைத்துக்கொள்ளும். சில நாள் தாங்கும். மறுபடி ஒழுகும். மறுபடி முட்டை வேண்டும்.

நினைத்துப் பாருங்கள். அரிசி கண்ணில் படாமல் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம். கால் வீங்கிப் பிள்ளைகள் கிடந்தன. ஒரு முட்டை என்றால் அது நோயாளிக்கு மருந்து. அதை வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியவர் யார்? இலையில் சோறு கேட்கத் தெரியாத மனிதர்.

எங்கள் வாசலுக்கு அவர் முதல் நாள் வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. படியில் ஏறாமல் நின்றார். கோழிக் கூண்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

“கோழி நல்லாருக்கா தங்கச்சி?”

“நல்லாருக்குண்ணே.”

“நல்லது” என்று போய்விட்டார். சாயங்காலம் மறுபடி வந்து அதையே கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு முட்டையை எடுத்து வந்து கையில் வைத்தேன். வாங்கினவர் அதைத் துண்டில் மறைத்துக்கொண்டு போனார்.

எல்லாரும் கொடுத்தோம். கார் நின்றால் அவர் சயாமுக்குப் போவார் என்று தெரியும். ஆனால் பசிக்கிற வயிறு எத்தனை நாள் நல்ல வயிறாக இருக்கும்? கொஞ்ச நாளில் லயத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால், “என்னா, கோழி நல்லாருக்கா?” என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். “நம்ம புள்ளைக்கு இல்லாத முட்டை, சப்பான் காருக்கு சீராட்டு” என்று அவர் காதில் விழும்படி பேசினார்கள். முட்டை ஊற்றின நாளில் கார் போனால் அவித்த முட்டை வாசம் அடிக்கும். அந்த வாசத்துக்காகப் பிள்ளைகள் காருக்குப் பின்னால் ஓடும். மாஸ்டர் திரும்பிப் பார்த்து, தன்னைப் பார்க்கத்தான் ஓடி வருகிறார்கள் என்று கை ஆட்டுவான். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் அந்தப் பிள்ளைகளைப் பார்க்காமல் இருக்க, அதைக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டார்.

அவருடைய வீட்டில் அவர் மனைவியின் தம்பி வேலுவும் இருந்தான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, அக்காதான் வளர்த்தது. நல்ல பால்வெட்டுக்காரன். மாமனைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, அவனுக்கும் வாய் இல்லை. தாகம் என்றால்கூட யாராவது குடிக்கும்வரை காத்திருந்து மிச்சத்தைக் குடிப்பான். “ரெண்டு ஊமைகளுக்கு நடுவுல நான் ஒருத்தி கத்திக்கிட்டுக் கெடக்கேன்” என்பார் அண்ணி.

இன்னொரு கூட்டம் சயாமுக்குப் போக வேண்டும் என்று ஆணை வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில், வேலை வாங்குகிற மண்டோர் பேர் கூப்பிட்டார். வேலுவின் பேர் வந்தது. என் வீட்டுக்காரர் பேரும் வந்தது. அப்போது நான் மாசமாக இருந்தேன்.

அன்றைக்கு டிரைவர் அண்ணன் தம் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். மாஸ்டரிடம் கேட்டார். காலையிலிருந்து உதடு அசைந்துகொண்டே இருந்ததாம். என்ன மந்திரம் சொல்கிறார் என்று பங்களாச் சமையல்காரர் கவனித்திருக்கிறார். “துவான், சத்து ஓராங் லாகி.” இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்பதை மலாயில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். மாஸ்டர் வந்ததும் அவன் காலடியில் மண்டியிட்டு அதைச் சொன்னார். காரின் படியில் தண்ணீர்த் தகரத்தோடு ஒருவன் நின்றுகொண்டு வர வேண்டும், ஒழுக ஒழுக ஊற்ற வேண்டும், அப்படியானால் மந்தின் மலையில் நிற்கவே நிற்காது என்று கையாலும் காட்டினார். மாஸ்டருக்கு அது பிடித்துவிட்டது. காரின் படியில் ஆள் நின்று வந்தால் இன்னும் கௌரவம் அல்லவா? ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். ஒருவன்.

அந்தச் செய்தி அவருக்கு முன்னாலேயே லயத்துக்கு வந்துவிட்டது. சமையல்காரர் வந்து சொன்னார். என் மாமியார் கேட்டதுதான் தாமதம், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பங்களாப் பாதைக்கு ஓடினார். டிரைவர் அண்ணன் வந்துகொண்டிருந்தார். அந்த மாதிரி அவரை நான் பார்த்ததே இல்லை. நிமிர்ந்து நடந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. கேட்டுப் பெற்றவனின் சிரிப்பு.

“மாப்ள!” என்று என் மாமியார் குறுக்கே போய் நின்றார். “ஒரு ஆளு வச்சிக்கலாம்னு சொல்லிட்டானாமே?”

“ஆமாத்தை.”

“இன்னும் யாருக்கும் சொல்லிடலயே?”

அவர் வாய் திறந்தது. மூடியது. “சொல்லல அத்தை.”

“எம்மவனை வச்சிக்குங்க. ஒத்தப் புள்ள. பாருங்க இவளை” என்று என்னை முன்னால் தள்ளி, என் வயிற்றைக் காட்டினார். “இது அப்பன் மொகம் பாக்க வேணாமா? உங்க கால்ல விழறேன்.”

விழுந்தும்விட்டார். செம்மண் பாதையில், அந்த வயசில். டிரைவர் அண்ணன் பின்னால் இரண்டடி நகர்ந்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்து போனதை நான் பார்த்தேன். ஒருத்தர் கேட்பதற்கு எவ்வளவு உடைய வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவர் தாமே உடைந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கேட்டவரை அப்படியே கீழே கிடக்கவிட அவருக்கு எப்படி முடியும்?

“எந்திரிங்க அத்தை. சரி. மச்சான் நாளைக்கு வரட்டும்.”

சாயங்காலம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணியின் சத்தம் கேட்டது.

“எந்தம்பிக்குன்னு நாந்தானே உங்களைக் கேக்கச் சொன்னேன்? அந்தப் பையனுக்குன்னு மண்டி போட்டு வாங்கிட்டு, வர்ற வழியில தூக்கிக் குடுத்துட்டு வந்துருக்கீங்களே!”

எங்கள் வீட்டில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. அதுவரை எங்களுக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது, அந்த இடம் வேலுவுக்கு என்று.

“போங்க. பக்கத்து வூடுதானே. திருப்பிக் கேளுங்க. இந்த ஒண்ணையாவது கேளுங்க.”

“விடுக்கா” என்று வேலுவின் குரல். “அவங்க வூட்ல புள்ள பொறக்கப் போவுது. குடுத்தது இருக்கட்டும்.”

என் வீட்டுக்காரர் எழுந்தார். “அம்மா, இது நமக்கு வேணாம். நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்.”

என் மாமியார் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். குரலைத் தாழ்த்தி, “நீ ஒண்ணும் பேச வேணாம். அவனுக்குத் திருப்பிக் கேக்கத் தெரியாது. நம்ம வாய மூடிக்கிட்டு இருந்தா போதும்” என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கிழங்கைப் பார்த்தேன்.

படியில் காலடி கேட்டது. டிரைவர் அண்ணன் வந்து வாசலில் நின்றார். ஒருத்தரும் “வாங்க” என்று சொல்லவில்லை. அவர் உதடு அசைந்தது; காலையில் மனப்பாடம் செய்தாரே, அதுபோல. நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கேட்டுவிடுவார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்டுவிடக் கூடாதா என்றும் அடித்துக்கொண்டது.

அவர் கையில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் இருந்தது. கம்பியில் பிடி வைத்து, பிடிக்குத் துணி சுற்றியிருந்தார். வேலுவின் கைக்கென்று செய்தது.

“மச்சானுக்கு இது நாளைக்கு வேணும்” என்று அதைப் படியில் வைத்தார். “துணி சுத்தியிருக்கு. கை வலிக்காது.” போய்விட்டார்.

மறுநாளும் அண்ணி அவரை விடவில்லை. மாஸ்டரிடமே இன்னொரு இடம் கேட்கச் சொல்லி அனுப்பினார். அண்ணன் பங்களாவுக்குப் போய், காரை நிறுத்தி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ரேடியேட்டரை இருட்டும்வரை துடைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ஆட்களை ஏற்றின அன்றைக்கு மாஸ்டர் தம்பின் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். காரின் படியில் தகரத்தோடு என் வீட்டுக்காரர். அவர் அந்த நாளைப் பற்றி எனக்கு ஒரே தடவைதான் சொன்னார். சாமான் ஏற்றும் பெட்டிகளில் ஆட்களை அடைத்து, கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நல்ல வெயில். வேலு கதவோரம் உட்கார்ந்திருந்தான். மாஸ்டர் சற்றுத் தள்ளி யாருடனோ பேசிக்கொண்டிருந்த நேரம், டிரைவர் அண்ணன் என் வீட்டுக்காரர் கையிலிருந்த தகரத்தை வாங்கிக்கொண்டு பெட்டிக்குப் போனார். வேலு கேட்கவில்லை. இவராகவே தூக்கிக் கொடுத்தார்.

வேலு தகரத்துக்குள் எட்டிப் பார்த்தானாம். “கொஞ்சந்தான் இருக்கு மாமா. வண்டிக்கு வேணும்ல. வச்சிக்குங்க.”

அவர் தகரத்தை அப்படியே ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறார். அவன் கையால் அதை மெல்லத் தள்ளினான். மாஸ்டர் திரும்பிப் பார்த்து ஒரு சத்தம் போட்டான். இவர் வந்து மூடியைத் திறந்து, அந்தத் தண்ணீரைக் காருக்கு ஊற்றினார்.

அதற்குப் பிறகு முட்டை கேட்டு அவர் யார் வாசலுக்கும் வரவில்லை. என்ன செய்து காரை ஓட்டினார் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வளைவிலும் இறங்கி ஓடைத் தண்ணீர் மொண்டு ஊற்றினார் என்று மட்டும் தெரியும். இருவரும் ஒரே காரில் போய் வந்தார்கள். வழியில் ஒரு பேச்சு இருக்காதாம். எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அண்ணி வந்து பார்க்கவில்லை. பலகைச் சுவரில் ஒரு சின்ன விரிசல் உண்டு; அதில் யாரோ துணி அடைத்திருந்தார்கள்.

ஜப்பான்காரன் தோற்றான். மாஸ்டர் ஒரு நாள் காரை விட்டுவிட்டு லோரியில் ஏறிப் போனான். சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சில பேர் திரும்பினார்கள். வேலு இல்லை. வந்தவர்களில் ஒருவர் அண்ணியிடம் சொன்னார். “காய்ச்சல் வந்துருச்சும்மா. கஞ்சிக்கு நிக்கறப்ப எல்லாருக்கும் வழி விட்டுட்டுக் கடைசியாத்தான் வருவான். கடைசியா வந்தா சட்டியில என்னா இருக்கும்?” நாங்கள் இந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தோம். என் மாமியார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, வெற்றிலைத் தட்டு எடுத்துக்கொண்டு, என் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் கூப்பிட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். எட்டிக் கால் வைத்தால் போய்விடலாம், அவ்வளவு தூரம்தான். அதற்கு அவருக்கு அத்தனை நாள் ஆகியிருந்தது.

டிரைவர் அண்ணன் படியில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். உள்ளே அண்ணி முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தின் சத்தம் நின்றது.

“மாப்ள” என்றார் என் மாமியார். ஊரையே கேட்டு வாங்கின குரல், கிணற்றடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன்.”

அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார்.

“கேக்காதீங்க அத்தை.”

“இல்ல மாப்ள, மனசு ஆற மாட்டேங்குது, நீங்க மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை…”

“வேணாம் அத்தை. கேட்டீங்கன்னா குடுத்துருவேன். எனக்கு அப்பிடித்தான் வரும்.” கும்பிட்ட கை இறங்கவில்லை. “அன்னைக்குக் குடுத்த எடமும் என்னுது இல்ல. இதுவும் என்னுது இல்ல.”

சொல்லிவிட்டு வாசலை விட்டு ஒதுங்கி நின்றார். உள்ளே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மாமியார் வாயைத் திறந்தார். அந்த வாயில் வார்த்தை இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குழந்தை கையை நீட்டி, வெற்றிலை ஒன்றைத் தட்டிலிருந்து இழுத்துக் கீழே போட்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

அண்ணி எங்களை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. நாங்கள்தான் திரும்பி நடந்தோம்.